திங்கட்கிழமை ஜாபிதா

திங்கட்கிழமை வந்தால் யாருக்குத்தான் சந்தோஷம்? ஆபீசுக்குப் போகிறவருக்கு அலுப்பு. பள்ளிக்கூடம் போகிற பையனுக்கு வயிற்று வலி. ஆனால், ஆகஸ்டு மாதக் கடைசியிலிருந்து டிசம்பர் வரையில், அமெரிக்காவில் சில ஆயிரம் கல்லூரிப் பெண்கள் திங்கட்கிழமை எப்போது விடியும் என்று காத்திருக்கிறார்கள். அன்றைக்குத்தான் அந்த ஜாபிதா வெளியாகிறது. தேசம் முழுவதிலும் உள்ள கல்லூரி மாதர் வாலிபால் கோஷ்டிகளில், இந்த வாரம் முதல் ஸ்தானம் யாருக்கு, இரண்டாவது ஸ்தானம் யாருக்கு என்று வரிசையாக 25 பெயர்கள்!

"பூ, இவ்வளவுதானா? விளையாடி ஜயித்தால் தெரிந்துவிடுகிறது. அதற்கு ஒரு ஜாபிதா எதற்கு?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால், முதல் பிரிவு என்று சொல்லப்படும் பெரிய கல்லூரிகளில் மட்டும் முந்நூறுக்கு மேற்பட்ட கோஷ்டிகள் இருக்கின்றன. எல்லோரும் எல்லோருடனும் விளையாடிப் பார்ப்பது நடக்கிற காரியமா? ஹவாய்த் தீவில் ஒரு கோஷ்டி. அட்லாண்டிக் கரையில் ஒரு கோஷ்டி. இரண்டும் ஒன்றையொன்று கண்ணால் கூடப் பார்க்காமல் ஒரு வருஷம் ஓடிவிடும். அப்படியிருக்க, இரண்டில் எது உசத்தி என்று யார் சொல்வது? அங்கேதான் ஜாபிதா வந்து நிற்கிறது.

மூச்சு வாங்காத விளையாட்டு

முதலில் விளையாட்டின் பூர்வ கதையைக் கொஞ்சம் கேளுங்கள். 1895-ஆம் வருஷம், மாஸச்சூஸெட்ஸ் ராஜ்யத்தில் ஹோலியோக் என்னும் ஊரில், ஒய்.எம்.ஸி.ஏ. சங்கத்தில் உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்துக் கொண்டிருந்தார் வில்லியம் மார்கன். பக்கத்து ஊரான ஸ்பிரிங்பீல்டில் நாலு வருஷத்துக்கு முன்புதான் கூடைப்பந்து பிறந்திருந்தது. ஆனால், மார்கனிடம் வந்த வியாபாரிகளில் பலர் நடு வயதைத் தாண்டியவர்கள். கூடைப்பந்தின் ஓட்டமும் இடியும் அவர்களுக்குத் தாங்கவில்லை. சரி, ஒரு வலையைக் கட்டுவோம், இந்தப் பக்கம் சிலர், அந்தப் பக்கம் சிலர், ஒருவர் மேல் ஒருவர் மோத வேண்டாம் என்று மார்கன் ஒரு சாதுவான ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். 'மின்டொனெட்' என்று அதற்கு நாமகரணம் செய்தார். அந்தப் பெயர் நிலைக்கவில்லை. வாலிபால் என்ற பெயர் நிலைத்தது.

வியாபாரிகளுக்கு மூச்சு வாங்கக் கூடாது என்று பிறந்த இந்த ஆட்டத்தை இன்று போய்ப் பாருங்கள்! ஆறடிக்கு மேல் வளர்ந்த பெண்கள் எகிறிக் குதித்து ஸ்மாஷ் அடிக்கிறார்கள். பந்து தரையில் படுவதற்குள் இன்னொருத்தி நெஞ்சு தரையில் உராயப் பாய்ந்து எடுக்கிறாள். பார்க்கிற நமக்குத்தான் மூச்சு வாங்குகிறது.

மார்க்குப் போடுகிறவர்கள் யார்?

அமெரிக்க வாலிபால் பயிற்சியாளர் சங்கம் என்று ஒன்று 1981-இல் ஆரம்பமாயிற்று. அடுத்த வருஷத்திலிருந்து வாராந்தர ஜாபிதாவும் வரத் தொடங்கியது. ஏற்பாடு மிகவும் எளியது. அறுபதுக்குச் சற்று மேலும் கீழுமாகப் பயிற்சியாளர்கள் வோட்டுப் போடுகிறார்கள். ஒவ்வொருவரும் தம் மனசுக்குப் பட்ட 25 கோஷ்டிகளை வரிசைப்படுத்த வேண்டும். முதல் பெயருக்கு 25 மார்க்கு, இரண்டாவதற்கு 24, இப்படியே இறங்கி, கடைசிப் பெயருக்கு ஒரே ஒரு மார்க்கு. எல்லாவற்றையும் கூட்டினால் ஜாபிதா தயார். அறுபது பேரும் ஒரே கோஷ்டியை முதலில் எழுதினார்கள் என்று வையுங்கள். அதற்கு 1500 மார்க்கு.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, கவனித்தீர்களா? மார்க்குப் போடுகிறவர்கள் பார்வையாளர்கள் அல்ல. அவர்களும் கோஷ்டி வைத்திருப்பவர்கள்தான். வெள்ளி, சனிக்கிழமைகளில் தங்கள் பெண்களோடு ஊர் ஊராக அலைகிறவர்களுக்கு, ஆயிரம் மைல் தள்ளி நடந்த மாட்சைப் பார்க்க நேரம் ஏது? ஆகவே, சென்ற வாரத்து ஜாபிதாவையே பக்கத்தில் வைத்துக்கொள்வது சுலபமான வழியாகி விடுகிறது. ஜயித்தவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம். தோற்றவர்கள் இறங்க வேண்டும். நம் வீட்டுப் பரமபத சோபான படம் நினைவுக்கு வருகிறதா? ஏணி மெதுவாகத்தான் ஏற்றுகிறது. பாம்பின் வாயில் விழுந்தால் ஒரே சறுக்கல்!

போதாக்குறைக்கு, முதல் ஜாபிதா எப்போது வருகிறது தெரியுமா? ஒரு மாட்ச் கூட நடப்பதற்கு முன்னால்! சென்ற வருஷத்துப் புகழையும், இந்த வருஷம் சேர்ந்த பெண்களின் பெயர்களையும் வைத்துப் போடுகிற மார்க்கு அது. பரீட்சை எழுதுவதற்கு முன்பே ராங்க் கொடுப்பது போலத்தான்.

கணக்குப் பிள்ளையின் ஜாபிதா

இத்தனை ஆவலோடு எதிர்பார்க்கிற இந்த ராங்கினால் கிடைப்பது என்ன? நேராகச் சொன்னால், ஒன்றுமில்லை!

டிசம்பரில் நடக்கும் தேசியப் போட்டியில் 64 கோஷ்டிகள் இறங்குகின்றன. நடத்துவது என்.சி.ஏ.ஏ. என்ற கல்லூரி விளையாட்டுச் சங்கம். அந்த அறுபத்துநாலில் ஏறக்குறையப் பாதிப் பேர் தங்கள் வட்டாரத்தில் முதலாவதாக வந்து நேராக நுழைகிறவர்கள். மீதிப் பேரை ஒரு குழு பொறுக்கி எடுக்கிறது. அந்தக் குழு பயிற்சியாளர்களின் வோட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. பல வருஷங்களாக அதன் கையில் இருந்து வரும் முக்கியமான கருவி 'ஆர்.பி.ஐ.' என்னும் கணக்கு.

பயந்துவிடாதீர்கள், கணக்கு சின்னதுதான். உங்கள் கோஷ்டி ஜயித்த விகிதத்தில் கால் பங்கு. நீங்கள் சந்தித்த எதிராளிகள் ஜயித்த விகிதத்தில் அரைப் பங்கு. அந்த எதிராளிகளின் எதிராளிகள் ஜயித்ததில் மீதிக் கால் பங்கு. இவ்வளவுதான். உதாரணத்துக்கு, ஒரு கோஷ்டி எல்லா மாட்ச்சிலும் ஜயித்திருக்கிறது. ஆனால், அதன் எதிராளிகள் நூற்றுக்கு 40 தான் ஜயித்தவர்கள். அவர்களுடைய எதிராளிகள் நூற்றுக்கு 50. கூட்டிப் பார்த்தால் 0.575 வருகிறது. இன்னொரு கோஷ்டி நூற்றுக்கு 70 தான் ஜயித்தது. ஆனால், அது சந்தித்தவர்கள் நூற்றுக்கு 65 ஜயித்த வீராங்கனைகள். அவர்கள் சந்தித்தவர்கள் நூற்றுக்கு 55. கணக்கு 0.6375. தோல்வியே அறியாதவள் பின்னுக்கு. பத்தில் மூன்று தோற்றவள் முன்னுக்கு! யாரோடு மோதினாய் என்பதுதான் அங்கே கேள்வி.

ஆகவே, ஒரே தேசத்தில் இரண்டு ஜாபிதாக்கள் நடமாடுகின்றன. ஒன்று மனிதர்கள் கண்ணால் கண்டும் காதால் கேட்டும் போட்டது. மற்றொன்று கணக்குப் பிள்ளை போட்டது. இரண்டும் ஒத்துப் போகாதபோதுதான் கல்லூரி விடுதிகளில் இரவு வெகுநேரம் விளக்கு எரிகிறது. காரணம் இருக்கிறது. குழு முதல் பதினாறு இடங்களில் வைக்கிற கோஷ்டிகள் ஆரம்பச் சுற்றுகளைத் தங்கள் சொந்த ஊரிலேயே ஆடலாம். பழகின தரை, பழகின கூரை, கூச்சல் போடச் சொந்த ஜனங்கள்! பதினேழாவது இடமென்றால் மூட்டை கட்டிக்கொண்டு அந்நிய ஊருக்குப் போக வேண்டும். ஒரு முறை தோற்றாலும் அத்துடன் சரி. நாலாவது வருஷம் படிக்கிற பெண்ணுக்கு, பெரும்பாலும் அதுவே கல்லூரி ஆட்டத்தின் முற்றுப்புள்ளி.

ஜாபிதாவே இல்லாத காலம்

இந்தச் சண்டையெல்லாம் பெரிய பாக்கியம் என்று தோன்றும், இதற்கு முந்திய கதையைக் கேட்டால். அமெரிக்கக் கல்லூரிகளில் ஆண் பிள்ளைகளின் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் பணம் தண்ணீராக ஓடிய காலத்தில், பெண்களின் கோஷ்டிக்குச் சீருடை வாங்கவும் வழியில்லாத கல்லூரிகள் பல. கேக்கும் பிஸ்கோத்தும் செய்து விற்று, அந்தக் காசில் பிரயாணம் போனார்கள். அவர்களுக்கு ராங்க் கொடுக்க யார் மெனக்கெடுவார்கள்?

1972-இல் ஒரு சட்டம் வந்தது. 'ஒன்பதாம் தலைப்பு' என்று அதற்குப் பெயர். சர்க்கார் பணம் பெறும் எந்தக் கல்வி ஸ்தாபனமும் ஆண் பெண் என்று பேதம் காட்டக் கூடாது என்பது அதன் சாரம். விளையாட்டு என்ற வார்த்தை கூட அதில் இல்லை. ஆனால், விளையாட்டு மைதானத்தில்தான் அதன் சத்தம் பலமாகக் கேட்டது.

அந்தச் சட்டம் திறந்த கதவில் நுழைந்தவர்களில் ஒருவர் ப்ளோ ஹைமன். ஆறடி ஐந்தங்குல உயரம். ஹூஸ்டன் சர்வகலாசாலையில் விளையாட்டுக்காக உபகாரச் சம்பளம் பெற்ற முதல் பெண். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் பெற்ற கோஷ்டியின் தூண். அதே 1984-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று அந்தச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கிவிட்டது. அதை மீட்டுத் தரக் கோரி, மறு வருஷம் வாஷிங்டன் போனவர்களில் ஹைமனும் ஒருவர். பலனைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1986 ஜனவரியில் ஜப்பானில் ஒரு மாட்ச் நடந்துகொண்டிருக்கும்போதே, ஓரத்து பெஞ்சியில் சரிந்து உயிர் துறந்தார். வயது 31. யாரும் கண்டுபிடிக்காமல் உடம்பில் மறைந்திருந்த மார்பான் வியாதி, இருதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக் குழாயைக் கிழித்துவிட்டது. 1988-இல், ஜனாதிபதி ரேகனின் மறுப்பையும் மீறி, காங்கிரஸ் சபை சட்டத்தின் பல்லைத் திருப்பிக் கொடுத்தது.

அந்த 1988-க்கு இன்னொரு விசேஷமும் உண்டு. என்.சி.ஏ.ஏ. மாதர் பட்டம் 1981-இல் தொடங்கியது முதல் ஏழு வருஷம் கலிபோர்னியாவையும் ஹவாயையும் விட்டு நகரவில்லை. டெக்ஸாஸ் கோஷ்டிதான் அந்த வருஷம் அதை முதன்முதலாக உள்நாட்டுக்குக் கொண்டு போயிற்று. 1995-இல் நெப்ராஸ்கா, 1999-இல் கீழைக் கரையோரம் பென் ஸ்டேட் என்று பட்டம் பிற்பாடு தேசமெல்லாம் சுற்றியது. ஜாபிதா அப்போதுதான் உண்மையிலேயே தேசிய ஜாபிதா ஆயிற்று.

முதல் ஸ்தானத்தின் முள்

முதல் ஸ்தானம் கிடைத்தால் நிம்மதியா? அதுதான் இல்லை. பென் ஸ்டேட் கோஷ்டி 2007 செப்டம்பரில் ஸ்டான்போர்டிடம் தோற்றது. அதற்குப் பிறகு ஜயிக்கத் தொடங்கியவர்கள் நிற்கவே இல்லை. 109 மாட்ச், தொடர்ச்சியாக! 2010 செப்டம்பரில் அந்தச் சங்கிலியை அறுத்தது யார்? அதே ஸ்டான்போர்டு! ஆனாலும், அந்த வருஷப் பட்டமும் சேர்த்து நாலு வருஷப் பட்டங்களையும் பென் ஸ்டேட்தான் வாங்கியது.

நெப்ராஸ்காவின் கதை வேறு. சோளக் கொல்லைகள் நிறைந்த ராஜ்யம் அது. 2023 ஆகஸ்டு 30-ஆம் தேதி, லிங்கன் நகரத்துக் கால்பந்து மைதானத்தின் நடுவில் வலை கட்டிப் பெண்கள் வாலிபால் ஆடினார்கள். பார்க்க வந்த ஜனங்கள் 92,003 பேர்! அந்த வருஷம் நெப்ராஸ்காப் பெண்கள் 33 மாட்ச் ஜயித்து, டிசம்பரில் முதல் இடத்திலிருந்து இறங்கினார்கள். இறுதி ஆட்டத்தில் எதிரே நின்ற டெக்ஸாஸ் வருஷத்தில் நாலு தடவை தோற்ற கோஷ்டி. ஜாபிதா என்ன சொல்லியிருக்கும்? நடந்தது என்னவோ, நேராக மூன்று செட்டில் டெக்ஸாஸுக்கு ஜயம்.

அடுத்த வருஷம், 2024-இல், போட்டியின் முதல் இடம் பிட்ஸ்பர்குக்கு. அரை இறுதியில் அதை லூயிவில் கவிழ்த்தது. மற்றொரு அரை இறுதியில் பென் ஸ்டேட், நெப்ராஸ்காவிடம் முதல் இரண்டு செட்டையும் பறிகொடுத்துவிட்டுப் பிறகு மூன்றையும் பிடித்தது. அந்தப் பெண்களின் பயிற்சியாளர் கேட்டி ஷூமாக்கர்-காலி. 1999-இல் பட்டம் வென்ற பென் ஸ்டேட் கோஷ்டியில் ஆடியவர். அந்த 2024 இலையுதிர் காலத்தில் அவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சையும் நடந்தது, பயிற்சியும் நடந்தது. தலைமுடி கொட்டிய தலையுடன் மைதானத்தின் ஓரத்தில் நின்று கொண்டே, இறுதி ஆட்டத்தில் லூயிவிலை மூன்றுக்கு ஒன்று என்று வென்று காட்டினார். முதல் பிரிவு மாதர் வாலிபால் பட்டத்தை ஒரு பெண் பயிற்சியாளர் வாங்கித் தந்தது அதுவே முதல் தடவை. போட்டி தொடங்கிப் பாருங்கள், 43 வருஷம் ஆகியிருந்தது!

எந்தத் திங்கட்கிழமை ஜாபிதாவிலும் இதற்கு மார்க்குப் போட இடம் கிடையாது. ஆனாலும், அந்த ஜாபிதாவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. தப்பாக ராங்க் கொடுத்தார்கள் என்று சண்டை போடுவதற்கும், முதலில் யாராவது நம்மை ஒரு பொருட்டாக நினைத்து எண்ணியிருக்க வேண்டும் அல்லவா? கேக் விற்று மாட்சுக்குப் போன பெண்களைக் கேளுங்கள். இருபத்தைந்தாவது இடம் கூட எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று சொல்வார்கள்.