லலித் கலா அகாதெமி: தலைவரை அமர்த்துவது யார்?

லலித் கலா அகாதெமியின் தேசியக் கலைக் கண்காட்சிக்கு விண்ணப்பிக்கும் கெடு நெருங்க நெருங்க, வாசகர் கடிதங்களில் ஒரே கேள்வி பல உருவில் வருகிறது. லலித் கலா அகாதெமி அரசு அலுவலகமா, கலைஞர்களின் அமைப்பா?

‘தன்னாட்சி அமைப்பு’ என்பது பண்பாட்டு அமைச்சகத்தின் பதில். காகிதத்தில் அது சரிதான். 1954 ஆகஸ்ட் 5 அன்று மௌலானா ஆசாத் அகாதெமியைத் தொடங்கிவைத்தார். 1957-ல் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானது. முதல் தலைவர், அப்போது சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவின் உழைப்பாளர் சிலையை வடித்தவர். பொதுக்குழு, செயற்குழு எல்லாம் உண்டு. பொதுக்குழுவில் கலைஞர்களும் மாநிலப் பிரதிநிதிகளும் இருக்கிறார்கள். ஆனால் இந்தத் தன்னாட்சி எதுவரை செல்லும் என்பதைக் காட்டிவிடும் விதி ஒன்றுதான்: தலைவர் எப்படி வருகிறார்?

தில்லி ரவீந்திர பவனில் மூன்று தேசிய அகாதெமிகள் அடுத்தடுத்து இயங்குகின்றன. மூன்றுக்கும் பணம் தருவது அதே அமைச்சகம். ஆனால் சாகித்திய அகாதெமியின் தலைவரை அதன் பொதுக்குழுவே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறது. லலித் கலாவுக்கும் சங்கீத நாடகத்துக்கும் தலைவரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். அவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி செயல்படுபவர் என்பதால், நாற்காலியின் சாவி உண்மையில் அரசிடம்தான் இருக்கிறது.

இந்த வேறுபாடு வெறும் சம்பிரதாயம் அல்ல என்பதை 2015 காட்டியது. அந்த ஏப்ரலில், நிர்வாக, நிதி முறைகேட்டுப் புகார்களைக் காரணம் காட்டி, லலித் கலாவின் நிர்வாகத்தை அமைச்சகமே எடுத்துக்கொண்டது, தலைவர் நீக்கப்பட்டார். சிற்பி உத்தம் பாச்சர்ணே முறையான தலைவராக நியமிக்கப்பட்டது 2018-ல்தான். இடைப்பட்ட மூன்றாண்டும் தற்காலிக ஏற்பாடுகளில் கழிந்தன. புகார்கள் விசாரிக்கப்பட வேண்டியவைதாம். ஆனால் கணக்கைச் சரிபார்ப்பது வேறு, கலைஞர்களின் அமைப்பைக் கையில் எடுத்துக்கொள்வது வேறு.

அதே ஆண்டு, கன்னட எழுத்தாளர் கல்புர்கியின் கொலையை அடுத்து எழுத்தாளர்கள் விருதுகளைத் திருப்பித் தந்தபோது சாகித்திய அகாதெமியும் கடும் நெருக்கடியில் சிக்கியது. ஆகஸ்ட் 30-ல் நடந்த கொலைக்கு அக்டோபர் 23-ல்தான் அதன் செயற்குழு கண்டனத் தீர்மானம் போட்டது. தாமதம் பொறுக்கத்தக்கதல்ல. ஆனாலும் தீர்மானம் அகாதெமிக்குள்ளிருந்தே வந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரும் பதவிக்காலத்தை முடித்தார். மானியம் வாங்குவதாலேயே ஓர் அமைப்பு தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை இழக்க வேண்டியதில்லை என்பதற்குச் சான்று பக்கத்து அலுவலகத்திலேயே இருக்கிறது. லலித் கலாவின் கலைஞர்களுக்கு ஏன் அந்த உரிமை இல்லை என்பதற்கு ஏற்கத்தக்க காரணம் எதையும் அமைச்சகம் சொல்லவில்லை.

மற்றக் கேள்விகள்:

கண்காட்சிப் படைப்புகளைத் தேர்வது யார்? நடுவர் குழு.

சென்னையில் எங்கே விசாரிக்கலாம்? கிரீம்ஸ் சாலையிலுள்ள மண்டல மையத்தில். அங்கே கலைக்கூடங்களும் உண்டு.

அகாதெமி பட்டம் தருமா? தராது, அதற்குக் கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன.

தமிழ்நாடு ஓவிய நுண்கலைக் குழுவும் இதுவும் ஒன்றா? இல்லை, அது மாநில அரசின் அமைப்பு. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.