வண்ணத்துப்பூச்சி சொல்லும் சேதி

ஒரு காட்டின் உயிர்வளம் பெருகுகின்றதா, தேய்கின்றதா என்று அறிவது எங்ஙனம்? அங்குள்ள உயிர்கள் அனைத்தையும் எண்ணிவிடுதல் ஆகாத காரியம். மண்ணுள் வாழும் புழுபூச்சிகளுக்கே கணக்கில்லை. ஆகவே, வைத்தியர் நாடி பார்ப்பதுபோல, ஓரினத்தைக் கவனித்து ஏனையவற்றின் நிலையை உய்த்துணர்கின்றனர் விஞ்ஞானிகள். அவ்வினத்தைக் குறிகாட்டி என்பர்.

எதைத் தெரிவது? யானையைத் தெரியலாமே என்பீர்கள். கண்ணுக்கு நிறைந்த பிராணிதான். ஆனால் நெடுங்காலம் வாழ்வது. காடு கெட்டபின்னும் பல்லாண்டு உலாவித் திரியும். அதன் தொகை குறையத் தொடங்கும்போது காலம் கடந்திருக்கும். காகமோ எங்கும் வாழும். அது பெருகினால் நமது குப்பைமேட்டின் வளம் தெரியுமேயன்றி வேறொன்றும் தெரியாது.

பிரித்தானிய அறிஞர் வண்ணத்துப்பூச்சியைத் தெரிந்தனர். அதன் ஆயுள் குறுகியது; பெரும்பாலான இனங்களின் புழுக்கள் குறித்த சில செடிகளையே தின்னும். எனவே சூழல் சிறிது மாறினும் அடுத்த ஆண்டே எண்ணிக்கையில் அது தெரிந்துவிடும். பயிற்சி பெற்றால் பள்ளி மாணவனும் அவற்றை இனங்காணலாம். ஏர்னி பொலாட் என்பவர் மொங்ஸ் வூட் ஆய்வு நிலையத்தில் வகுத்த எண்ணும் முறை 1976 இல் நாடளாவிய திட்டமாயிற்று. ஏப்ரல் முதல் செப்ரெம்பர் வரை வாரந்தோறும் அதே பாதையில் நடக்கவேண்டும். 5 மீற்றர் அகலத்துள் தோன்றுவனவற்றை மாத்திரம் எண்ணவேண்டும். மழையிலும் குளிரிலும் செல்லலாகாது. முறை மாறினால், குறைந்தது பூச்சியா, எண்ணினவரின் கவனமா என்று யாரே கூறவல்லார்?

குறிகாட்டிக்கும் ஓர் எல்லையுண்டு. அந்நாட்டுப் பெருநீல வண்ணத்துப்பூச்சி அருகிவருவதை யாவரும் கண்டனர், காரணம் கண்டாரில்லை. சேகரிப்போரைத் தடுக்க ஓரிடத்தில் வேலியும் இட்டனர். அவ்வேலி ஆடுமாடுகளையும் தடுத்தது! உண்மையை வெளிப்படுத்தியவர் ஜெரமி தோமஸ். இப்பூச்சியின் புழு ஒருவகைச் செவ்வெறும்பின் கூட்டினுள் வளர்வது. அவ்வெறும்புக்கு வெயில்பட்டுச் சூடேறிய நிலம் வேண்டும். மேய்ச்சல் குன்றியது, 1953 இல் பரவத் தொடங்கிய கொள்ளைநோயால் முயல்களும் மாண்டன. புல் சில அங்குலம் உயர்ந்தது, மண் குளிர்ந்தது, எறும்பு போயிற்று. எவரும் எண்ணாத எறும்பின் அழிவைத்தான் வண்ணத்துப்பூச்சி அத்தனை காலமும் அறிவித்துக்கொண்டிருந்தது. காரணம் புலனாகியும் காலம் போதவில்லை. 1979 இல் பெருநீலம் அந்நாட்டில் அற்றுப்போயிற்று.

1983 இல் சுவீடனிலிருந்து அவ்வினத்தைக் கொணர்ந்து மீண்டும் குடியேற்றத் தொடங்கினர். இம்முறை மாடுகளையும் மேயவிட்டனர்.