இருதயக் கட்டிகளும் அவற்றின் சிகிச்சையும்

ஏற்காட்டிற்குச் செல்வோர் சேர்வராயன் குன்றின் உச்சியை நோக்கி நடக்கையில் மூச்சு வாங்குதல் இயல்பேயாம். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரமுள்ள அவ்விடத்தில் காற்றுச் சற்று மெலிந்திருப்பதும், வழி ஏறுமுகமாயிருப்பதும் அதற்குக் காரணங்களாகும். சிறிது இளைப்பாறினால் அது நீங்கிவிடும். எனினும், உடலின் கிடையை மாற்றுந்தோறும் கூடிக் குறைவதும், மயக்கத்தோடு சேர்ந்து வருவதுமான மூச்சிரைப்பை மலையேறிய களைப்பென்று தள்ளிவிடலாகாது. அரிதாயினும் அது இருதயத்திற்குள் வளரும் ஒரு கட்டியின் அறிகுறியாயிருக்கக்கூடும்.

இருதயத்திலேயே தோன்றும் கட்டிகள் மிக அரியன. பிணப் பரிசோதனைகளில் பதினாயிரத்திற்கு இரண்டு என்னும் அளவிலேயே அவை காணப்படுகின்றன. அவற்றுள் முக்காற் பங்கு புற்றுநோய்த் தன்மையற்றவை. வயது வந்தோரிடம் மிகுதியாய்க் காணப்படுவது 'மிக்ஸோமா' என்பது. நுங்கைப் போல் வழவழப்பான இக்கட்டி, பெரும்பாலும் இருதயத்தின் இடது மேலறையில், நடுச்சுவரிலிருந்து ஒரு காம்பினால் தொங்கும். குழந்தைகளுக்கு வருவது 'ராப்டோமயோமா' என்னும் வேறொரு வகை. அது பெரும்பாலும் தானே சுருங்கிவிடும்.

புற்றல்லவெனின் அஞ்சுவதேன் என்று வினவலாம். ஏரியின் மதகு வாயிலில் பாசித்திரளொன்று வந்தடைத்தால் நீர் நின்றுவிடுவதன்றோ? அவ்வாறே இருதயம் துடிக்குந்தோறும் இக்கட்டி கீழிறங்கி, மிட்ரல் வால்வின் வாயிலை அடைக்கின்றது. இரத்தம் நுரையீரலில் தேங்கி மூச்சு முட்டுகின்றது. கட்டியின் சிறு துணுக்குகள் பிரிந்து மூளைக்குச் சென்றால், இளம் வயதினரையும் பக்கவாதம் தாக்கும்.

இதனைக் கண்டறிவதில் ஒரு சிக்கல் உண்டு. நம் நாட்டில் வாதக் காய்ச்சலால் மிட்ரல் வால்வு சுருங்கும் நோய் மிகுதி. இக்கட்டியின் குறிகளும் ஏறக்குறைய அவையே. சிலருக்குக் காய்ச்சலும் உடல் மெலிவும் தோன்றுதலால் காசநோயென்றும் ஐயுறக்கூடும். இவ்வாறு பலருக்கு வரும் நோயின் நிழலில் சிலருக்கு வரும் நோய் மறைந்து நிற்கின்றது. நோயாளியின் கிடையை மாற்றி ஸ்டெதாஸ்கோப்பினால் கேட்கும்போது ஓசை மாறுமாயின், மருத்துவர் விழிப்படைவார். எனினும், ஐயத்தை அகற்றுவது 'எக்கோ' என்னும் ஒலியலைப் பரிசோதனையே. சுவீடன் தேசத்தில் எட்லர், ஹெர்ட்ஸ் என்னும் இருவர் 1953இல் தொடங்கிய இம்முறையால், கட்டியின் அசைவையும் கத்தியின்றியே கண்ணாற் காணலாம்.

காணப்பட்ட மிக்ஸோமாவைத் தாமதமின்றி அகற்றுவதே முறை. மருந்தினால் அது கரையாது. 1953இல் அமெரிக்காவில் கிப்பன் என்பார் இருதய-நுரையீரல் இயந்திரத்தைக் கொண்டு முதன்முதல் வெற்றி பெற்றார். மறு ஆண்டே ஸ்டாக்ஹோம் நகரில் கிராஃபோர்டு என்பார் அத்தகைய இயந்திரத்தின் துணையால் ஒரு பெண்மணியின் மிக்ஸோமாவை அகற்றிப் பிழைப்பித்தார். அதற்குமுன் இந்நோய் பெரும்பாலும் இறந்தபின்னரே அறியப்பட்டது. நமது தமிழகத்தில், வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949இல் ரீவ் பெட்ஸ் என்பார் மார்பு அறுவைத் துறையை நிறுவினார். 1960க்குப் பிந்திய ஆண்டுகளில் திறந்த இருதய சிகிச்சையும் அங்கே வேரூன்றிற்று.

சிகிச்சையின்போது மார்பெலும்பைப் பிளந்து, இரத்தவோட்டத்தை இயந்திரத்திற்கு மாற்றி, இருதயத்தை நிறுத்தி, மேலறையைத் திறப்பர். கட்டி உடையாவண்ணம், காம்பு பற்றியிருக்கும் சுவர்ப் பகுதியோடு சேர்த்து அதனை எடுப்பர். வேரை விட்டுவிட்டால் மீண்டும் முளைத்தல் கூடும் அன்றோ? சுவரில் உண்டாகும் துளையை, இருதயத்தின் மேலுறையிலிருந்து எடுத்த துண்டினால் ஒட்டுப்போடுவதும் உண்டு. பெரும்பாலோர் முற்றும் நலமடைகின்றனர். குடும்பவழியாய் வரும் வகையில் மட்டும் கட்டி மீண்டும் தோன்றும் வாய்ப்பு மிகுதி. ஆதலின் ஆண்டுதோறும் பரிசோதனை வேண்டும். உறவினரையும் பார்த்தல் நன்று.

மலைச்சிற்றூர்களில் வாழ்வோர் மூச்சிரைப்பை மேட்டு நிலத்தின் குணமென்று எண்ணி வாளாவிருத்தல் எளிது. மலையடிவாரத்துச் சேலம் நகரிலேயே எக்கோப் பரிசோதனை செய்துகொள்ள இயலும். நோவின்றி ஒரு மணி நேரத்திற்குள் முடியும் அச்சோதனை, அடைபட்ட மதகைத் திறக்கும் முதற்படியாகும். நமது மாணவர் தத்தம் ஊர்களுக்குத் திரும்புகையில் இச்செய்தியையும் உடன்கொண்டு செல்வாராக.