கரையில் சிமெண்டு! கொசுவுக்குக் கொண்டாட்டம்!!

தட்டான் பூச்சிகளுக்குக் குடியிருக்க இடம் இல்லை

சென்னை நகரில் ஆற்றங்கரையிலும் கால்வாய்க் கரையிலும் சிமெண்டுச் சுவர் எழும்ப எழும்ப, கொசுப்புழுவைத் தின்று வாழும் சின்னஞ்சிறு நீர்ப்பூச்சிகள் இடம் இல்லாமல் ஒழிந்து போகின்றன. கொசுவுக்கு மட்டும் எந்தக் குறையும் இல்லை!

இதுபற்றிய விவரம் வருமாறு:—

மாலை 6 மணி ஆனால் போதும். கால்வாய் ஓரத்தில் கடை வைத்திருப்பவர்கள் ஒரு கையால் சில்லறை கொடுக்கிறார்கள். மறு கையால் கொசு அடிக்கிறார்கள். "ராத்திரி தூக்கமே இல்லே சார்" என்று அலுத்துக்கொள்ளாத ஆளே கிடையாது.

சாக்கடை கலப்பதுதான் இதற்கு முதல் காரணம். அது ஊர் அறிந்த விஷயம். ஆனால், இரண்டாவது காரணம் ஒன்று இருக்கிறது. அதுதான் கரை!

கரை என்பது வெறும் மண் அல்ல

மனிதன் கை வைக்காத ஓடையின் கரை செங்குத்தாக இருக்காது. சரிந்து இறங்கும். அதில் கோரையும் நாணலும் சம்பும் முளைத்து நிற்கும். வேர்கள் தண்ணீருக்குள் தொங்கும். அடியில் ஓர் இடத்தில் மணல், ஓர் இடத்தில் கூழாங்கல், ஓர் இடத்தில் சேறு.

ஒவ்வொரு இடத்திலும் ஒரு குடித்தனம்! கல்லுக்கு அடியில் பூச்சிப் புழுக்கள். செடியின் தண்டில் நத்தை. சேற்றில் நண்டு வளை. வேர்களுக்கு நடுவே இறால் குஞ்சு.

இவை எல்லாம் முதுகெலும்பு இல்லாத பிராணிகள். ஆனால், ஆற்றுக்கே முதுகெலும்பு இவைதான். அழுகிய இலையைத் தின்பவை இவை. மீனுக்கும் பறவைக்கும் தீனி ஆகிறவையும் இவை. எந்தப் பூச்சி இருக்கிறது, எது இல்லை என்று பார்த்தே தண்ணீரின் தரத்தைச் சொல்லிவிடலாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே இப்படி ஒரு முறையை வகுத்து வைத்திருக்கிறது.

சரி, கரையை வெட்டி, அடியைச் சுரண்டி, இரண்டு பக்கமும் வழவழ என்று சிமெண்டு பூசினால் என்ன ஆகும்? கல் போச்சு. வேர் போச்சு. வளை தோண்ட மண் போச்சு. குடியிருந்தவை காலி!

தட்டான் தண்ணீரில் பிறக்கிறது

மழைக்கு முன்னால் கூட்டம் கூட்டமாகப் பறக்கும் தட்டானை எல்லோருக்கும் தெரியும். அது குழந்தைப் பருவம் முழுவதையும் தண்ணீருக்குள் கழிப்பது பல பேருக்குத் தெரியாது.

தட்டான் குஞ்சுக்கு இறக்கை கிடையாது. சேற்றிலோ செடி நடுவிலோ அசையாமல் பதுங்கிக் கிடக்கும். கொசுப்புழு பக்கத்தில் வந்தால், மடித்து வைத்திருக்கும் கீழ் உதட்டைச் சடார் என்று கை மாதிரி நீட்டிக் கவ்வி விடும். ஒரே நாளில் டஜன் கணக்கில் தின்று தீர்க்கும்.

வளர்ந்ததும், தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் புல்லிலோ குச்சியிலோ ஏறித் தோலை உரித்து, இறக்கை விரித்துப் பறக்கும். பறந்த பிறகும் கொசு வேட்டை தொடரும்.

ஆக, தட்டானுக்கு வேண்டியவை மூன்று. பதுங்க இடம். ஏறுவதற்குத் தண்டு. தண்ணீரில் கரைந்த பிராண வாயு. சாக்கடை நிறைந்த சிமெண்டுக் கால்வாயில் இந்த மூன்றுக்கும் வழி இல்லை.

கொசுவின் கணக்கு

கொசுப்புழு கெட்டிக்காரப் பயல்! வால் பக்கத்தில் உள்ள மூச்சுக்குழலைத் தண்ணீருக்கு மேலே நீட்டிக் காற்றை இழுத்துக்கொள்கிறது. தண்ணீர் நாறினால் அதற்கு என்ன? யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவுக்கு நாறுகிற தண்ணீர்தான் பிடிக்கும். ஒரு தடவைக்கு 100 முதல் 300 முட்டை வரை தெப்பம் போல மிதக்க விடும். வெயில் காலத்தில் சுமார் 10 நாளில் முட்டை கொசுவாகி விடும்.

தட்டான் அப்படி அல்ல. மிக வேகமாக வளரும் ரகத்துக்கே ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். சில ரகங்களுக்குப் பல மாதம்.

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கால்வாயைத் தூர் வாரும்போது கொசுப்புழுவும் போகிறது. அதைத் தின்னும் பூச்சியும் போகிறது. தேங்கிய தண்ணீரில் இரண்டே வாரத்தில் கொசு திரும்பி வந்து விடும். எதிரி திரும்பி வரும் வரை அதன் ராஜ்ஜியம்தான்! கரையும் சிமெண்டு ஆகிவிட்டால், எதிரி வரவே மாட்டான்.

வெள்ளப் பயம்

சென்னைக்கு இந்த வெட்டு வேலை புதிது அல்ல. பக்கிங்காம் கால்வாயே மனிதன் வெட்டியதுதான். 1877–78 பஞ்ச காலத்தில், நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டினார்கள். 1990களில் அதே கால்வாயில் பறக்கும் ரெயிலுக்குத் தூண்கள் எழும்பின. ஓட்டேரி நல்லா, மாம்பலம் கால்வாய், விருகம்பாக்கம்–அரும்பாக்கம் கால்வாய் ஆகியவற்றில் பல இடங்களில் இரு பக்கமும் சுவர்தான்.

அதிகாரிகளை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தை யார் மறக்க முடியும்? தண்ணீர் வேகமாக ஓட வழி வேண்டும். கரையை ஒட்டி வீடுகள். சரிவு விட இடம் இல்லை. அதனால்தான் சுவர் கட்டுகிறார்கள்.

அமெரிக்கா பட்ட பாடு

இதே வெள்ளப் பயத்தில் அமெரிக்காவும் ஒரு காரியம் செய்தது. புளோரிடாவில் கிசிமி என்று ஓர் ஆறு. பாம்பு போல வளைந்து வளைந்து 166 கிலோ மீட்டர் ஓடியது. 1962 முதல் 1971 வரை அதை வெட்டி நிமிர்த்தி, 90 கிலோ மீட்டர் கால்வாய் ஆக்கினார்கள்.

வெள்ளம் அடங்கியது. ஆனால், தண்ணீரில் பிராண வாயு குறைந்தது. அடியில் சகதி மூடியது. ஓடும் தண்ணீரில் வாழும் பூச்சிகள் போய், தேங்கும் தண்ணீரில் வாழும் பூச்சிகள் வந்து சேர்ந்தன. குளிர்கால வாத்துகள் 90 சதவீதத்துக்கு மேல் குறைந்து போயின.

பிறகு என்ன? 1999–ல் வேலை தொடங்கி, வெட்டிய கால்வாயில் ஒரு பகுதியைத் தாங்களே மண் போட்டு மூடினார்கள்! ஆறு பழைய வளைவில் மறுபடி ஓடியது. 2021–ல் முடிந்த இந்த வேலைக்குச் சுமார் 100 கோடி டாலர் செலவு.

தென் கொரியாவின் சியோல் நகரில் சாலைக்கு அடியில் புதைந்து கிடந்த சியாங்கியேசியான் ஓடையை 2005–ல் திறந்து விட்டார்கள். 2003–ல் அங்கே முதுகெலும்பு இல்லாத நீர்ப்பிராணிகளில் 5 வகைதான் இருந்தது. 2008–ல் 53 வகை! ஆனால், அந்த ஓடையில் ஓடுவது பெரும்பாலும் பம்ப் வைத்து இறைக்கும் தண்ணீர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

என்ன செய்யலாம்?

சுவரை எல்லாம் இடித்துத் தள்ள வேண்டியது இல்லை. முதலில் சாக்கடையை நிறுத்த வேண்டும். பக்கச் சுவர் கட்டினாலும் அடியை மண்ணாக விடலாம். இடம் உள்ள பகுதியில் சிமெண்டுக்குப் பதில் கம்பி வலைக்குள் கருங்கல் அடுக்கிச் சரிவுக் கரை போடலாம். கல் இடுக்கில் பூச்சியும் நண்டும் குடியேறும். தூர் வாரும்போது இந்த வருஷம் ஒரு கரை, அடுத்த வருஷம் மறு கரை என்று பிரித்துச் செய்யலாம். மிச்சம் இருக்கும் பூச்சிகள் அந்தப் பக்கம் போய்ப் பெருகிக்கொள்ளும்.

இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள், 2011–ல் திறந்த அடையாறு தொல்காப்பியப் பூங்காவைப் பார்க்கலாம். குப்பை கொட்டிய இடம் அது. குட்டை வெட்டி, சதுப்பு மரங்கள் நட்டார்கள். சகதியில் நண்டு வளை தெரிகிறது. தண்ணீர் மேல் தட்டான் பறக்கிறது.

ஒன்று மட்டும் கவனம். டெங்கு கொசு சாக்கடையில் பிறப்பது இல்லை. வீட்டுத் தொட்டி, பூந்தொட்டித் தட்டு, பழைய டயர் ஆகியவற்றில் தேங்கும் நல்ல தண்ணீரில் பிறக்கிறது. அதைக் கவிழ்ப்பது நம் வேலை.

கால்வாய்க் கரையை விட்டு வைப்பது சர்க்காரின் வேலை. அடுத்த தடவை உங்கள் தெருக் கால்வாய்க்குச் சுவர் கட்ட வரும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "அடியிலுமா சிமெண்டு?"