தெரிந்த கையைக் கண்டால் அடங்கும் அலை!

பல்லாவரத்திலிருந்து பம்மல் வழியாக அனகாபுத்தூர் போகும் ஷேர் ஆட்டோவில் ஒருவர் கொட்டாவி விட்டால் போதும், அடுத்தடுத்து நாலு பேர் வாயைப் பிளப்பார்கள். முன்னால் போகும் டூ வீலர் சறுக்கினால், விழுந்தவருக்கு முன்பே பார்த்தவர்கள் ‘ஐயோ’ என்று அலறிவிடுவார்கள். அடுத்தவருக்கு நடப்பது நம் உடம்பில் ஏன் உறைக்கிறது?

இந்தக் கேள்வியைத் துரத்தியவர்களில் நம்மூர்க்காரர் ஒருவர் உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மூளை ஆய்வு மையம் நடத்திய வி.எஸ்.ராமச்சந்திரன். அரசியல் சாசனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரன்.

1990-களின் தொடக்கத்தில், இத்தாலியின் பார்மா நகரில் ஜியாகோமோ ரிசோலாட்டி குழு, குரங்கின் மூளையில் விநோதமான செல்களைக் கண்டது. குரங்கு ஒரு பொருளை எடுக்கும்போது துடிக்கும் அதே செல், வேறொருவர் எடுப்பதைப் பார்த்தாலும் துடித்தது. ‘கண்ணாடி நியூரான்கள்’ என்று பெயர் வந்தது. ராமச்சந்திரன் இன்னும் ஒரு படி மேலே போய், ‘காந்தி நியூரான்கள்’ என்று செல்லப்பெயரே வைத்தார்.

மனிதர்களிடம் இதை எப்படிச் சோதிப்பது? மண்டையைத் திறக்க முடியாதே! தலையில் மின்முனைகள் வைத்து எடுக்கும் ஈ.ஈ.ஜி கைகொடுத்தது. மூளையில் ‘மியூ’ என்றொரு அலை உண்டு. கையை அசைத்தால் அடங்கிவிடும். அடுத்தவர் கையசைப்பதைப் பார்த்தாலும் அடங்கும். ராமச்சந்திரனின் மாணவி லிண்ட்சே ஓபர்மன், ஆட்டிசம் உள்ள 10 பேர், இல்லாத 10 பேரிடம் இதைச் சோதித்தார். ஆட்டிசம் உள்ளவர்களுக்குத் தம் கையை அசைத்தபோது அலை அடங்கியது. பிறர் கையைப் பார்த்தபோது அடங்கவில்லை!

2005-ல் வெளியான இந்த முடிவு பரபரப்பானது. ‘அம்மா பாசமா வளர்க்கலை, அதான் பிள்ளை இப்படி’ என்ற பழியைச் சுமந்த தலைமுறை ஒன்று உண்டு. அவர்களுக்கு மூளையில் ஒரு காரணம் கிடைத்ததே ஆறுதல்தான்.

ஆனால், பக்கத்துக்குப் பத்தே பேரை வைத்து இவ்வளவு பெரிய முடிவுக்கு வரலாமா? பிறகு நடந்த ஆய்வுகள் சிலவற்றில் அந்த வித்தியாசமே தென்படவில்லை. கிரெகரி ஹிக்காக் என்ற விஞ்ஞானி 2014-ல் கண்ணாடி நியூரான் கதையை மறுத்து ஒரு புத்தகமே எழுதினார். ஆகவே, ‘கண்ணாடி நியூரானைச் சரிசெய்து ஆட்டிசத்தைக் குணமாக்குகிறோம்’ என்று யாராவது பணம் கேட்டால், பர்ஸை மூடிவிடுங்கள்.

அதிகம் பேசப்படாத இன்னொரு சோதனையும் உண்டு. 2008-ல் ஓபர்மன் குழுவே வெளியிட்டது. இம்முறை ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு முன்பின் தெரியாதவரின் கையை மட்டுமல்லாமல், அவர்கள் வீட்டு மனிதரின் கையையும் வீடியோவில் காட்டினார்கள்.

வீட்டு மனிதரின் கை திரையில் வந்ததும், மற்ற பிள்ளைகளைப் போலவே அவர்களுக்கும் அலை அடங்கியது.