ஊவா மலைநாட்டில் அருங்கனி மரங்களும் அவற்றின் வித்துகளும்

"விதை ஒன்று போட்டாற் சுரை ஒன்று முளைக்குமா" என்பது நம்மவர் பழமொழி. நெல்லுக்கும் பயற்றுக்கும் அது முற்றும் பொருந்தும். கனிமரம் வளர்ப்போர்க்கோ அஃது அரைவாசி உண்மையே. இனிய ஆனைக்கொய்யாவின் வித்தை ஊன்றியவர் நீர்த்த சுவையுடைய பழத்தைப் பெறுவதுண்டு. றம்புட்டான் வித்தை ஊன்றியவர் பூத்தும் காயாத ஆண்மரத்தைப் பெறுவதுண்டு. மங்குஸ்தான் வித்தை ஊன்றியவரோ தாய்மரத்தின் படியெனத் தக்க கன்றையே பெறுவர். இவ்வேறுபாட்டின் காரணம் யாது என்பதையும், கன்றுப் பருவத்திலேயே மரத்தை இனங்காணுமாறு எங்ஙனம் என்பதையும், ஊவா மாகாணத்தின் நிலத்தையும் காற்றையும் முன்னிறுத்தி ஈண்டு ஆராய்வாம்.

இப்பொருளில் யான் ஈடுபட நேர்ந்தது நூல் வழியாக அன்று. பதுளைக்குக் கீழேயுள்ள பள்ளத்தாக்கில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்திற் பிறந்தவன் யான். எந்தையார் ஒருநாள் பதுளைச் சந்தையில் வாங்கிய றம்புட்டான் பழங்களுள் மிக இனிதாயிருந்த ஒன்றின் வித்தை எடுத்து, லயத்தின் கோடிப்புறத்தில் ஊன்றினார். ஆறாம் ஆண்டில் மரம் பூத்தது, தேனீக்கள் மொய்த்தன, காய் ஒன்றேனும் இல்லை. ஏழாம் ஆண்டும் எட்டாம் ஆண்டும் அவ்வாறே. ஒன்பதாம் ஆண்டில் அவர் அதனை விறகுக்கு வெட்டினார். "கண்ணூறு பட்டுவிட்டது" என்றாள் என் தாயார். கண்ணூறன்று, அஃது ஆண்மரம் என்பதை யான் அறிந்தது, வெளிவாரிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில், தாவரவியல் கற்பித்த நண்பரொருவரின் வாயிலாகவே.

நாம் இன்று நம்முடையன எனக் கருதும் கனிகளுட் பல கடல் கடந்து வந்தவை. பேராதனைத் தாவரவியற் பூங்கா 1821ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. ஊவாப் பள்ளத்தாக்கை நோக்கி நிற்கும் ஹக்கலைப் பூங்கா, கொயினா மருந்து தரும் சின்கோனாவை வளர்ப்பதற்கென 1861இல் தொடங்கப்பட்டது. 1869இற் கோப்பியை இலைத்துரு நோய் பற்றிய பின்னர்த் தோட்டத்துரைமார் வேறு பயிர்களைத் தேடலாயினர். பேராதனையின் பணிப்பாளராயிருந்த ஹென்றி டிரைமன் காலத்தில், 1886ஆம் ஆண்டில், பதுளையிலும் ஒரு கிளைப்பூங்கா அமைந்தது. அந்தீசு மலைக்குரிய செரிமோயா என்னும் அன்னமுன்னா வகை 1880இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தது.

இவ்வாறு வந்த மரங்களுட் சில வித்தாக வருதல் அரிது, கன்றாகவே வரவேண்டும். இலண்டன் மருத்துவர் நதானியேல் வார்டு கண்ணாடிப் பேழையுட் செடிகளை அடைத்து 1833இற் சிட்னிக்குக் கப்பலேற்றி வெற்றி கண்டதைத் தாவரவியலார் பெரிதாகப் போற்றுவதன் காரணம் இதுவே. எல்லா வித்தும் உலர்வைப் பொறுப்பதில்லை. பயறு, கத்தரி, சுரை முதலியவற்றின் வித்துகள் உலர உலர நெடுங்காலம் உயிர்தாங்கும். மங்குஸ்தான், றம்புட்டான், பலா, ஆனைக்கொய்யா, லைச்சி ஆகியவற்றின் வித்துகளோ உலர்ந்தால் இறந்துபோம். இவ்விருவகையையும் வேறுபடுத்தி 1973ஆம் ஆண்டில் ஈ. எச். ராபர்ட்ஸ் என்னும் அறிஞர் பெயரிட்டார். பின்னதற்கு அவர் இட்ட பெயர் 'பிடிவாத வித்து' எனப் பொருள்படும். 2008இல் நோர்வே நாட்டின் சுவால்பார்டு தீவில், பனிமலைக்குள் வித்துகளை −18 பாகை செல்சியசிற் காக்கும் களஞ்சியம் திறக்கப்பட்டது. உலகத்துப் பயிர்கள் பலவும் இடம்பெறும் அக்களஞ்சியத்திலும் மங்குஸ்தான் வித்துக்கு இடமில்லை. அம்மரம் வாழ வேண்டுமாயின் எங்கோ ஓரிடத்தில் மரமாகவே நிற்றல் வேண்டும்.

நம் தோட்டத்து மக்கள் எந்த வித்தையும் கழுவிச் சுளகில் இட்டு, வெயிலில் உலர்த்தி, சாம்பல் பூசி, கந்தையில் முடிந்து வைப்பர். அவரைக்கும் பூசணிக்கும் அது நல்ல முறை. றம்புட்டானுக்கு அதுவே கொலை. பழத்தை உண்ட நாளிலேயே சதையை நன்கு நீக்கி, வித்தைக் கிடையாக வைத்து, விரலளவு மண் மூடி நிழலில் ஈரம் காத்தால் 9 முதல் 25 நாட்களுள் முளைக்கும். மங்குஸ்தானிற் பெரிய வித்துகளையே தெரிந்தெடுத்தல் வேண்டும். சிறியன முளைத்தும் நிலைப்பதில்லை. அன்னமுன்னா இனத்தாருக்கு இவ்வவசரம் இல்லை. அவற்றின் வித்துகள் உலர்வைத் தாங்கிப் பல மாதம் கிடக்கும். (அவ்வித்துகளை அரைத்துத் தலைப்பேனுக்கு இடும் வழக்கம் உண்டு. கண்ணிற் பட்டாற் பெருந்தீங்காம். சிறுவர் கைக்கு எட்டாது வைத்தல் நன்று.)

இனி, வித்து தாயை ஒக்குமோ என்பதை நோக்குவாம். மங்குஸ்தான் தோட்டங்களில் ஆண்மரம் இல்லை. அதன் வித்து மகரந்தச் சேர்க்கையால் உண்டாவதன்று. தாயின் இழையத்திலிருந்தே முளையம் தோன்றுகின்றது. ஆதலின் கன்று தாயின் படியாகவே அமையும். தோடையின் வித்தை உற்றுநோக்கின் ஒரே வித்திலிருந்து இரண்டு மூன்று நாற்றுகள் எழக் காணலாம். அவற்றுட் பெரும்பாலானவை தாயின் இழையத்திலிருந்து எழுந்தவை; ஒன்று மட்டும் தந்தை கலந்ததாயிருத்தல் கூடும். ஒரே வடிவினவாய் ஊக்கமுடன் வளர்வனவற்றை வைத்துக்கொண்டு, வேறுபட்டும் மெலிந்தும் இருப்பதைக் களைந்துவிட வேண்டும். மொனராகலை மாவட்டத்துப் பிபிலையின் பெயரால் வழங்கும் இனிப்புத் தோடையை வித்தினின்றும் வளர்க்க விரும்புவோர் இதனை மனங்கொள்க. மாவினத்துள் வெள்ளைக்கொழும்பானும் இவ்வாறு பல முளையமுடையது; அதனாலேயே ஒட்டுக்கட்டுவோர் அதன் நாற்றை அடிமரமாக விரும்புவர்.

றம்புட்டானின் நிலை வேறு. வித்தினின்றும் எழும் கன்றுகளுள் ஏறத்தாழப் பாதி ஆணாக அமையும். பூக்கும் வரை ஆணும் பெண்ணும் தெரிவதில்லை. மல்வானைப் பழத்தை உண்டு அதன் வித்தை ஊன்றினால் மல்வானைப் பழம் கிடைக்குமென்று ஒருவரும் உறுதி கூற இயலாது. ஆனைக்கொய்யாவின் பூ ஒருபொழுது பெண்ணாகவும் மறுபொழுது ஆணாகவும் விரியும். சில மரங்கள் காலையிற் பெண்ணாக விரிந்து மறுநாட் பிற்பகலில் ஆணாகும். வேறு சில பிற்பகலிற் பெண்ணாக விரிந்து மறுநாட் காலையில் ஆணாகும். அயலார் வீட்டு மரத்தின் மகரந்தம் கலப்பது இதனால் எளிதாகின்றது. வெலிமடையிலும் பண்டாரவளையிலும் வேலிதோறும் நிற்கும் ஆனைக்கொய்யாக்களில் இரண்டு ஒத்த சுவையின அல்ல என்பதைப் பறித்துண்டோர் அறிவர்.

சந்தையில் நாற்று விற்பார் சொல்லும் பெயரை முற்றும் நம்புதல் தகாது. இலையே நம்பத்தக்க சான்று. மங்குஸ்தான் கன்றின் இலைகள் எதிரெதிரே அமைந்து, தடித்துத் தோல்போல் இருக்கும். காம்பை ஒடித்தால் மஞ்சட் பால் கசியும். ஆனாற் கொறுக்காய்ப்புளிக் கன்றும் அதே குடும்பமாதலின் அதுவும் மஞ்சட் பால் காட்டும். அதன் இலை சிறிது, ஒடுங்கியது. இவ்விரண்டையும் மயங்கி வாங்கியவரை யான் அறிவேன். பழத்துக்குக் காத்திருந்து மீன்குழம்புக்குப் புளி பெற்றார். அன்னமுன்னா வகைகளைப் பிரித்தறிய இலையின் கீழ்ப்புறத்தைத் தடவிப் பார்த்தல் போதும். செரிமோயாவுக்கு அப்புறம் பட்டுத்துணிபோல் மயிரடர்ந்திருக்கும். முள் அன்னமுன்னாவின் இலை வழவழப்பானது, கசக்கினாற் கடுமணம் வீசும். டுரியானின் இலைக் கீழ்ப்புறம் பொன்னும் வெள்ளியும் கலந்த செதில்களால் மினுங்கும்.

எந்த மரம் எவ்விடத்துக்கு உரியது என்பதிலேயே பலர் தவறுகின்றனர். பதுளை நகர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 680 மீற்றரிலும், பண்டாரவளை 1,200 மீற்றருக்குச் சிறிது மேலும், அப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேலும் உள்ளன. வடகீழ்ப் பருவக்காற்று மழை தந்து ஓய்ந்த பின், ஆனி தொடங்கிப் புரட்டாதி வரை மலைகடந்து வரும் வறண்ட கச்சான் காற்று வீசும். ஊவாத் தேயிலையின் புகழ்பெற்ற மணம் இக்காற்றினால் வருவது. மங்குஸ்தானின் இளங்கன்று மடிவதும் இக்காற்றினாலேயே. வேர் மெலிந்தும் மெல்ல வளர்வதுமான அக்கன்றுக்கு முதல் மூன்று நான்கு ஆண்டுகள் நிழலும் ஈரலிப்பும் இன்றியமையாதன. நீரோடையருகே, தாழ்ந்த பள்ளத்தாக்கில், வாழைகளின் இடையே வைத்தால் ஒருவாறு பிழைக்கும். பழத்துக்கோ எட்டு முதற் பதினைந்து ஆண்டு பொறுத்தல் வேண்டும். பண்டாரவளைக்கு மேல் இதனையும் றம்புட்டானையும் நினைப்பதே வீண். அங்குச் செரிமோயா நன்கு வளரும். பூ முதலிற் பெண்ணாகிப் பின்னரே ஆணாதலின், மாலையில் மகரந்தத்தைத் தூரிகையாற் சேர்த்து மறுநாட் காலையில் புதுப்பூவில் தடவினாற் காய் மிகுதியும் பிடிக்கும்.

இவையெல்லாம் பொழுதுபோக்கு ஆராய்ச்சி என்று கருதுவாருளர். தலைமுறை தலைமுறையாக லயத்தில் வாழ்ந்தோர்க்குச் சொந்த நிலம் இருந்ததில்லை. எனவே பத்தாண்டு காத்துப் பழம் உண்ணும் மரத்தை அவர்கள் வைத்ததும் குறைவு. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இந்தியா சென்றோர் காய்க்கத் தொடங்கிய மரங்களையும் விட்டே சென்றனர். 2015 முதல் தோட்டங்களிற் கட்டப்பட்ட தனிவீடுகள் பலவற்றுக்கு ஏழு பேர்ச்சஸ் காணி அளிக்கப்பட்டது. ஏழு பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீடும் வழியும் போக எஞ்சும் இடத்தில், முப்பது அடி அகலம் விரியும் ஆனைக்கொய்யா ஒன்று நின்றால் அதுவே ஏறத்தாழ 700 சதுர அடியை அடைத்துக்கொள்ளும். ஆகவே அக்காணியில் ஒரு மரத்துக்கே இடமுண்டு. அது பிழைத்த மரமாயின் பத்தாண்டும் பிழைத்தன. அத்தகையோர்க்கு யான் சொல்வது, றம்புட்டானும் ஆனைக்கொய்யாவும் ஒட்டுக்கன்றாகவே வாங்குக என்பதாம். வித்தாலேயே வளர்க்க விரும்பின், பதுளைப் பக்கத்தார் தோடையையும் மேல்மலையார் மரத்தக்காளியையும் வைக்கலாம். மரத்தக்காளி இரண்டாண்டுக்குள் காய்க்கும்; சிறிய இடமே போதும்.

ஆண் றம்புட்டான் ஏற்கெனவே வளர்ந்து நின்றால் அதனை வீழ்த்த வேண்டியதில்லை. முழங்கால் உயரத்தில் தறித்துவிட்டால் அடிக்கட்டை தளிர்விடும். அத்தளிர்களுள் திடமான இரண்டைத் தெரிந்து, பென்சிற் பருமனானதும், நன்கு காய்க்கும் மரத்தின் அரும்பை எடுத்து ஒட்டினால், பழைய வேரின் வலிமையால் இரண்டு மூன்று ஆண்டுகளிற் பழம் காணலாம். எந்தையார் வெட்டிய கட்டையும் இருமுறை தளிர்த்தது. இருமுறையும் அவரே அத்தளிர்களைக் கிள்ளி எறிந்தார்.