ஒரு மடிக்கணினி, இரண்டு கணக்குகள்

திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் இடையில் உள்ள எர்ணாவூரில், 2004 சுனாமிக்குப் பின் கடலோரக் குடும்பங்களுக்காகக் கட்டப்பட்ட குடியிருப்புகளிலும் சரி, ஆலைத் தொழிலாளர்கள் வாழும் தெருக்களிலும் சரி, ஒரு வீட்டில் கணினி இருந்தால் அது பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். 2011 முதல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினியே முதல் கணினியாக வந்து சேர்ந்த வீடுகளும் உண்டு. விம்கோ நகரில் மெட்ரோ ஏறி மென்பொருள் நிறுவனத்துக்குப் போய்வரும் அண்ணனும், பொறியியல் கல்லூரியில் திட்டப்பணி செய்யும் தங்கையும் அந்த ஒரே கணினியில் நிரல் எழுதும்போதும், அந்த அண்ணனே நிரல்களைச் சேமிக்கும் தளத்தில் அலுவலகக் கணக்கு ஒன்றும் சொந்தக் கணக்கு ஒன்றுமாக இரண்டை வைத்திருக்கும்போதும், வேலை யார் பெயரில் பதிகிறது என்று எழும் குழப்பம் ஏறக்குறைய ஒரே வகையானது. ஆனால் இரண்டுக்கும் தீர்வு ஒன்றல்ல.

நிரலில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றத்தையும், செய்தவர் பெயரோடும் நேரத்தோடும் பதிந்துவைக்கும் மென்பொருள் 'கிட்'. லினக்ஸ் கருவின் வளர்ச்சிப் பணிக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் இதை உருவாக்கினார். இப்படிப் பதியப்படும் ஒவ்வொரு மாற்றமும் 'கமிட்' எனப்படுகிறது. ஒரு திட்டத்தின் கோப்புகளும் கமிட்டுகளும் சேர்ந்த தொகுப்பைக் களஞ்சியம் என்பர், நிரலர்களின் பேச்சில் அது 'ரெப்போ'. களஞ்சியங்களை இணையத்தில் வைத்துப் பலர் கூடிப் பணியாற்ற இடம் தரும் தளங்களுள் 2008இல் தொடங்கி 2018இல் மைக்ரோசாஃப்ட் வசமான கிட்ஹப் பெரியது; கிட்லேப், பிட்பக்கெட் போன்றவையும் உள்ளன. தமிழ் எழுத்துகளைக் கணினியில் கையாள உதவும் 'ஓப்பன்-தமிழ்' நிரல்தொகுப்பும், 2020 மே மாதத்தில் திறந்துவிடப்பட்ட ஆரோக்கிய சேது செயலியின் ஆண்ட்ராய்டு நிரலும் கிட்ஹப்பில் வைக்கப்பட்டவையே. பகலில் நிறுவனத்தின் மூடிய களஞ்சியத்திலும் இரவில் இத்தகைய பொதுத் திட்டங்களிலும் பணியாற்றுபவருக்கு இரண்டு அடையாளங்கள் தேவைப்படுவது இயல்பு.

குழப்பத்தின் வேர் அந்தத் தளங்கள் ஆளை அடையாளம் காணும் முறையில் இருக்கிறது. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலைப்பின்னலில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதை அடுத்து, டாட்டு உலோனன் என்பவர் 1995இல் எழுதிய 'எஸ்எஸ்ஹெச்' என்னும் பாதுகாப்பான இணைப்பு முறையில், கணினியை விட்டு வெளியே போகாத தனிச்சாவியும் தளத்திடம் ஒப்படைக்கப்படும் பொதுச்சாவியும் இணையாக உருவாக்கப்படுகின்றன. நிரலை ஏற்றி இறக்கும் பணிக்குக் கடவுச்சொல்லை ஏற்பதை 2021 ஆகஸ்ட் 13 அன்று கிட்ஹப் நிறுத்திவிட்டதால், இந்தச் சாவியோ அதற்கு ஈடான அணுக்கச் சீட்டோ இன்றி இன்று நிரலை ஏற்ற முடியாது. இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு: எஸ்எஸ்ஹெச் வழியே கிட்ஹப்புக்குள் நுழையும் எல்லோரும் 'கிட்' என்ற ஒரே பயனர் பெயரில்தான் நுழைகிறார்கள். துறைமுக வாசலில் எல்லோரும் ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தால் காவலர் அவரவர் கையிலுள்ள அனுமதிச் சீட்டை மட்டுமே பார்க்க முடியும் என்பதுபோல, வந்திருப்பவர் யார் என்பதைச் சாவியை மட்டுமே கொண்டு தளம் முடிவு செய்கிறது; ஒரே பொதுச்சாவியை இரண்டு கணக்குகளில் பதிய முயன்றால் அது மறுப்பதற்கும் காரணம் இதுவே.

கணினியில் இரண்டு சாவிகள் இருந்தால், எஸ்எஸ்ஹெச் அவற்றை ஒவ்வொன்றாக நீட்டும். முதலில் ஏற்கப்பட்ட சாவி எந்தக் கணக்குக்கு உரியதோ அந்தக் கணக்காகவே தளம் நுழைபவரைக் கருதிவிடும். அலுவலகக் களஞ்சியத்தைக் கேட்டவர் சொந்தக் கணக்காக உள்ளே போய்விட்டால், 'அனுமதி இல்லை' என்ற பதில்கூட வராது, 'களஞ்சியம் காணப்படவில்லை' என்றே வரும். மூடிய களஞ்சியம் ஒன்று இருப்பதையே வெளியாருக்குக் காட்டக்கூடாது என்பதற்காகத் தளம் வேண்டுமென்றே இப்படிச் சொல்வதால், புதியவர்கள் முகவரியில் எழுத்துப்பிழை தேடி மணிக்கணக்கில் அலைகிறார்கள். இதைத் தவிர்க்க, கணக்குக்கு ஒரு சாவியை உருவாக்கி, எஸ்எஸ்ஹெச்சின் அமைவுக் கோப்பில் ஒரே தளத்துக்கு இரண்டு புனைபெயர்களை எழுதிவைப்பது வழக்கம்: அலுவலகப் புனைபெயருக்கு அலுவலகச் சாவி, சொந்தப் புனைபெயருக்குச் சொந்தச் சாவி. குறிப்பிட்ட சாவியைத் தவிர வேறெதையும் நீட்டாதே எனக் கட்டளையிடும் 'ஐடென்டிட்டீஸ் ஒன்லி' என்ற வரியை இரண்டின் கீழும் சேர்க்க வேண்டும். அதை விட்டுவிட்டால் புனைபெயர் வைத்தும் பழைய குழப்பம் தொடரக்கூடும். களஞ்சியத்தின் முகவரியில் தளத்தின் பெயருக்குப் பதிலாக இந்தப் புனைபெயரை இட்டால் உரிய சாவி தானே தேர்ந்தெடுக்கப்படும்.

இத்தோடு வேலை முடிந்தது என்று எண்ணுவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. சாவி சொல்வது யார் நுழைகிறார் என்பதை. கமிட்டில் பதியப்படும் பெயரும் மின்னஞ்சலும் முற்றிலும் வேறானவை, பயனர் தட்டச்சு செய்ததை அப்படியே ஏற்கும் வெறும் எழுத்துகள் அவை. எனவே அலுவலகச் சாவியுடன் நுழைந்து, சொந்த மின்னஞ்சல் பொறித்த கமிட்டை ஏற்றுவதற்குத் தடையேதும் இல்லை. பின்னர் திருத்தலாமே என்றால், ஒவ்வொரு கமிட்டின் அடையாள எண்ணும் ஆசிரியர் பெயரையும் முந்தைய கமிட்டின் எண்ணையும் சேர்த்துக் கணக்கிடப்படுவதால், ஒன்றை மாற்றினால் அதற்குப் பிந்தைய அனைத்தும் மாறும்; கூடப் பணியாற்றுவோர் கையிலுள்ள படிகள் பொருந்தாமல் போகும். 2017இல் வெளியான கிட் 2.13 பதிப்பு முதல், கோப்புறைக்கு ஏற்ப அமைவை மாற்றும் வசதி உள்ளது: அலுவலகக் களஞ்சியங்களை எல்லாம் ஒரு கோப்புறைக்குள் வைத்து, அங்கே இருப்பவற்றுக்கு அலுவலக மின்னஞ்சல் என ஒருமுறை எழுதினால் போதும். வெளிப்படையாகக் குறிக்கப்படாத மின்னஞ்சலை ஊகித்துக்கொள்ளாதே என்று கிட்டுக்குச் சொல்லும் அமைவையும் உடன் இயக்குவது நல்லது.

எந்தக் கமிட்டில் எந்த மின்னஞ்சல் என்பது வெறும் ஒழுங்கு சார்ந்த கவலை அன்று. கணினி நிரலை இலக்கியப் படைப்பாகக் கருதும் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பணியின்போது படைக்கப்பட்டதன் முதல் உரிமையாளர் வேலை தருபவரே என்கிறது. மின்னஞ்சல் முகவரி உரிமையைத் தீர்மானிக்காது என்றாலும், தகராறு எழுந்தால் வேண்டாத கேள்விக்கு அது இடம் தரும்.

தங்கையும் அண்ணனும் ஒரே கணினியைப் பகிரும் வீட்டுக்கு மேலே சொன்ன நுட்பங்களில் பெரும்பகுதி தேவையே இல்லை. இயங்குதளத்தில் இருவருக்கும் தனித்தனிப் பயனர் கணக்கைத் திறந்துவிட்டால் சாவிகளும் அமைவுகளும் தாமே பிரிந்துவிடும், ஒருவர் பெயரில் இன்னொருவர் தவறுதலாகக் கமிட் பதியும் வாய்ப்பும் பெரிதும் குறையும். புனைபெயர் வித்தை, ஒருவரே இரண்டு கணக்குகளை வைத்திருக்கும்போது மட்டும் பயன்படுவது. அங்கும் ஒருவருக்கு ஓர் இலவசக் கணக்குதான் என்னும் கிட்ஹப்பின் விதியை மறந்துவிடக்கூடாது.

எந்த வழியானாலும் தனிச்சாவிக்குக் கடவுத்தொடர் ஒன்றை வைத்துப் பூட்ட வேண்டும். மடிக்கணினி தொலைந்தாலோ விற்கப்பட்டாலோ, வேறொரு கணினியிலிருந்து தளத்துக்குள் சென்று உரிய பொதுச்சாவியை நீக்கிவிட்டால், பழைய தனிச்சாவி எவர் கையில் இருந்தாலும் அந்தக் கணக்கைத் திறக்காது.